‘நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க’: ஆலோசகர் உண்மையில் செய்வது என்ன?

குடிநோய் மீட்பு மையமானாலும் பள்ளிக்கூட ஆலோசனை அறையானாலும், ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே சொல்வது பெரும்பாலும் இதுதான்: “நீங்களாவது இவருக்கு நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொல்லுங்க.” வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. மாமன் சொல்லியாயிற்று, ஊர்ப் பெரியவர் சொல்லியாயிற்று. இனி, படித்த ஒருவர் அதையே இன்னும் பக்குவமாகச் சொன்னால் மண்டையில் ஏறும் என்று நம்புகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான எண்ணமும் இருக்கிறது. ஆலோசகர் என்றால் எதிரே உட்கார்ந்து ‘ம்’ கொட்டுகிறவர், அதற்கு எதற்குப் படிப்பும் பயிற்சியும் என்று கேட்பவர்கள் உண்டு.

இரண்டும் தவறு. இந்த இரண்டு எண்ணங்களோடும் வேலைக்குச் சேருகிற புதிய ஆலோசகர்களும் இருக்கிறார்கள். நம்பிக்கை மையம் எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்திலோ பள்ளியிலோ தொலைபேசி உதவி எண்ணிலோ புதிதாக உட்காரப் போகிறவர்களுக்காகவும், அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆலோசகரின் முக்கியமான கருவி காதுகொடுத்துக் கேட்பதுதான். ஆனால் கேட்கும் விதத்தைப் பொறுத்து எதிரே இருப்பவர் என்ன பேசுகிறார் என்பதே மாறுகிறது. அது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், மற்ற திறன்களெல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் புரியும்.

கேட்பது சும்மா இருப்பதல்ல

நீங்கள் ஒரு நண்பரிடம் ஏதோ ஒன்றை ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். “நீ சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்கிறார். பொய்யில்லை, காதில் விழத்தான் செய்கிறது. ஆனாலும் உங்கள் பேச்சு தடுமாறுகிறது. நடுவில் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறீர்கள். முடிவை அவசரமாகச் சொல்லிவிடுகிறீர்கள், இல்லாவிட்டால் எங்கே முடிப்பதென்று தெரியாமல் சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒருவர், தான் மயிரிழையில் தப்பிய ஓர் ஆபத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: ‘டி’ (t) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் கவனக்குறைவாக இல்லை, ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்துதான் கேட்டார்கள். ஆனால் கதையின் போக்கை விட்டுவிட்டார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் முகம் சுருங்கவில்லை, ‘ஐயையோ’ வரவில்லை. அதனால் கதை சொன்னவர்களின் கதையே கெட்டுப்போனது. அதிலும் முக்கியமான கட்டத்தில்தான் அதிகம் தடுமாறினார்கள்.

பேசுகிறவர் எல்லாவற்றையும் மனதுக்குள் தயார் செய்து வைத்துக்கொண்டு வெளியே கொட்டுவதில்லை. கேட்பவரின் முகம், மூச்சு, ‘ம்’ எல்லாவற்றையும் நொடிக்கு நொடி படித்துக்கொண்டே அடுத்த வாக்கியத்தைக் கட்டுகிறார். கேட்பவர் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு உருவாவதே இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாத ஆலோசகரிடம் ஒருவர் சொல்ல முடிவதற்கும் இதுதான் அடிப்படை.

இடைமறித்தாலும் இதேதான். ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் அமெரிக்க மருத்துவர்களின் அறைகளில் நடந்த பேச்சுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கே வந்துவிட்டார். குறுக்கிட்ட பிறகு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லி முடித்தவர்கள் மிகச் சிலர். முதலில் சொல்லும் பிரச்சினைதான் பெரிய பிரச்சினை என்பதும் கிடையாது. தலைவலி என்று ஆரம்பிப்பவர், நம்பிக்கை வந்த பிறகுதான் கணவர் அடிப்பதைச் சொல்வார்.

சுருக்கமாக: கேட்பவரின் கவனம் பேசுகிறவரின் பேச்சை வடிவமைக்கிறது. கவனம் சிதறினால் பேச்சு சுருங்கும், இடைமறித்தால் முக்கியமானது வெளியே வராமலே போகும்.

உட்காரும் விதம்

இந்தக் கவனத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்று 1960களின் பிற்பகுதியில் காட்டியவர் ஆலன் ஐவி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும், ஆலோசனைப் பேச்சைச் சின்னச் சின்ன செயல்களாகப் பிரித்தார்கள். பயிற்சி பெறுபவர் பேசுவதை வீடியோ எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயலை மட்டும் பழக்கினார்கள். அப்படிப் பிரித்தெடுத்த செயல்களை நுண்திறன்கள் என்கிறோம். முதலாவது, கவனம் கொடுத்தல்: பார்வை, குரல், உடல், அப்புறம் வந்தவர் பேசிய விஷயத்திலேயே நிற்பது.

இதில் பார்வையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று பாடத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, புதிதாகக் கல்யாணமான பெண்ணையோ வயதில் மூத்தவரையோ உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்கள் நெளிவார்கள். கூச்சத்திலோ மரியாதையிலோ தலை குனிந்து பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பண்பாட்டுக்குப் பண்பாடு இது மாறும் என்பதை ஐவியே அழுத்திச் சொன்னவர். நாற்காலியை நேருக்கு நேர் போடாமல் லேசாகச் சாய்த்துப் போட்டால், வந்தவர் விரும்பும்போது பார்க்கலாம், வேண்டாதபோது ஜன்னலைப் பார்க்கலாம். நடுவில் பெரிய மேசை வேண்டாம். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். குறிப்பு எடுப்பதாக இருந்தால் எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

யாரோடு பேசுகிறோம், எவ்வளவு நேரம் பேசலாம், சொல்வது வெளியே போகுமா என்ற மூன்றும் வந்தவரின் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாவதுதான் பெரிது. இங்கே சொல்வதை அனுமதியில்லாமல் வெளியே சொல்வதில்லை என்ற கடமையின் பெயர் இரகசியக் காப்பு. மனநல சிகிச்சை பெறுபவருக்கு இது உரிமையாகவே 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் இதற்கு எல்லை உண்டு, அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம். பள்ளி ஆலோசகர் ஒரு பிள்ளையிடம் “நீ என்ன சொன்னாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை இந்தக் கொடுமையைச் சொன்ன பிறகு வாக்கை மீறும்போது, அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்புவது கஷ்டம். “நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும், உன்கிட்ட சொல்லிட்டு, உதவி செய்யறவங்ககிட்ட நான் பேச வேண்டியிருக்கும்” என்று சொல்வதுதான் நேர்மை.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், வருகிறவர் தனியாக வருவதில்லை. அம்மா, மாமியார், அண்ணன் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்து, கேள்வி அவருக்கு, பதில் இவர்களிடமிருந்து என்று ஆகிவிடும். கூட வந்தவர்களை விரட்டவும் கூடாது, அவர்களுடைய கவலையும் நிஜம்தான். “அம்மா, நீங்க சொல்ல நினைக்கிறத முதல்ல பத்து நிமிஷம் கேட்டுக்கறேன். அப்புறம் தம்பிகிட்ட தனியா பேசறேன், எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவோம்” என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ‘எல்லார்கிட்டயும்’ என்ற சொல் இல்லாவிட்டால், தன் பிள்ளைக்கு ஏதோ பெரிய விபரீதம் என்று அந்த அம்மா பயந்துபோவார்.

உறவுமுறை சொல்லி அழைப்பதில் என் கருத்து ஒன்று உண்டு. அண்ணே, அம்மா, ஐயா என்று கூப்பிடுவது நம் இயல்பு, தயங்க வேண்டியதில்லை. ஆனால் “உங்க தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்றேன்” என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எப்போதும் அறிவுரையில்தான் போய் முடியும். அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்பது

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதுக் கொத்தனார். மனைவி வற்புறுத்திக் கூட்டி வந்திருக்கிறார். நல்ல மனம் படைத்த, ஆனால் பயிற்சி பெறாத ஒருவர் அவரிடம் பேசினால் பேச்சு இப்படிப் போகலாம்:

“எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?”

“பதினஞ்சு வருசமா மேடம்.”

“தினமுமா?”

“ம்.”

“உடம்பு கெட்டுப்போகும்னு தெரியாதா? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, அதுங்கள நெனச்சுப் பாத்தீங்களா? ஏன் இப்படிப் பண்றீங்க?”

“நெனைக்காம இருப்பனா மேடம். வேலை அப்படி. நாள் பூரா வெயில்ல நிக்கறோம். உடம்பு வலிக்கு ஒரு கோட்டர் போட்டாத்தான் தூக்கமே வரும்.”

“வலிக்கு மாத்திரை இருக்கே?”

“மாத்திரைக்கெல்லாம் கேக்காது மேடம்.”

இரண்டு நிமிடத்தில், குடிப்பதற்கான நியாயங்களை அவரே அடுக்கத் தொடங்கிவிட்டார். அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது கேள்விகள்தான். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லிலோ பதில் முடிந்துவிடும் கேள்வியை மூடிய கேள்வி என்கிறோம். வந்தவரே தன் சொற்களில் விரித்துச் சொல்ல வேண்டிய கேள்வி, திறந்த கேள்வி. வயது, மருந்து, எத்தனை நாள் போன்ற விவரங்களுக்கு மூடிய கேள்வி வேண்டும்தான். ஆனால் அவற்றையே வரிசையாகக் கேட்டால் காவல் நிலைய விசாரணை மாதிரி ஆகிவிடும். வந்தவர் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

‘ஏன்’ என்ற கேள்வி தனி ரகம். வடிவத்தில் திறந்த கேள்விதான். ஆனால் சின்ன வயதிலிருந்து ‘ஏன் லேட்டு’, ‘ஏன் மார்க் குறைஞ்சுது’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். குற்றம் சாட்டப்பட்டவர் காரணம் சொல்வார், காரணம் சொல்லச் சொல்ல அதை அவரே நம்பத் தொடங்குவார். “ஏன் குடிச்சீங்க?” என்பதைவிட “அன்னிக்கு வேலை முடிஞ்சதிலிருந்து கடைக்குப் போறவரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்டால் அதே விஷயம் சண்டையில்லாமல் கிடைக்கும்.

பதிலையும் உள்ளே வைத்துக் கேட்பது இன்னொரு பழக்கம்: “அப்ப உங்களுக்கு அவங்க மேல கோபம், அப்படித்தானே?” மேடம் சொன்னால் மறுக்கக் கூடாது என்று ‘ஆமா’ சொல்லிவிடுவார்கள். மூச்சு விடாமல் மூன்று கேள்வி கேட்டால், வந்தவர் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் சொல்வார்.

எந்த வரிசையில் கேட்பது? சிக்கு விழுந்த தலையை வாருவது போலத்தான். வேர்ப்பக்கத்திலிருந்து சீப்பை இழுத்தால் சிக்கு இறுகும், பிள்ளை அலறும், தலையைக் காட்டவே வராது. நுனியில் கொஞ்சம், அப்புறம் அதற்கு மேலே கொஞ்சம் என்று போனால்தான் வேர் வரை சீப்பு போகும். வந்தவர் தானாகச் சொல்லத் தயாராக இருப்பதுதான் நுனி. வேலை, தூக்கம், பிள்ளைகள் என்று அங்கிருந்து தொடங்குங்கள். வேரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் சரி.

சுருக்கமாக: விவரத்துக்கு மூடிய கேள்வி, கதைக்குத் திறந்த கேள்வி. ‘ஏன்’ என்பதற்குப் பதிலாக ‘என்ன நடந்தது’. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி.

திருப்பிச் சொல்வது

இதே கொத்தனாரிடம் பயிற்சி பெற்ற ஒருவர் பேசினால்:

“இங்க வரணும்னு சொன்னது உங்க வீட்டுக்காரம்மா. நீங்க என்ன நெனச்சுட்டு வந்தீங்க?”

“அவ தொல்லை தாங்கல மேடம், வந்தேன்.”

“உங்களுக்கு இஷ்டமில்லாம வந்திருக்கீங்க.”

“அப்படியும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியுது, முன்ன மாதிரி இல்ல.”

“முன்ன மாதிரி இல்ல...”

“காலைல சாரத்துல ஏறுனா கை நடுங்குது. போன மாசம் கையில இருந்த செங்கல் நழுவிடுச்சு. கீழ சித்தாள் ஒருத்தி நின்னுட்டு இருந்தா. ஒரு அடி தள்ளி விழுந்துச்சு.”

“அந்த நிமிஷம் ஆடிப்போயிட்டீங்க.”

“ராத்திரி பூரா கண்ணு மூட முடியல மேடம். அன்னிக்கும் குடிச்சேன். ஆனா தூக்கம் வரல.”

இதில் கேள்வி ஒன்றுதான். மற்றவை எல்லாம் அவர் சொன்னதைக் கொண்டே கட்டிய சிறு வாக்கியங்கள். வந்தவர் சொன்னதையும், சொல்லாமல் உணர்த்தியதையும் சுருக்கமாக அவருக்கே திருப்பிக் கொடுப்பது பிரதிபலித்தல். மூன்று விதமான பிரதிபலிப்பும் மேலே இருக்கிறது. “முன்ன மாதிரி இல்ல” என்பது அவர் சொல்லையே திருப்பியது. “இஷ்டமில்லாம வந்திருக்கீங்க” என்பது அவர் சொன்னதன் பொருளை எடுத்துச் சொன்னது, அது முழுச் சரியாக இல்லாததால் அவரே திருத்தினார். திருத்தினால் நஷ்டமில்லை, அந்தத் திருத்தத்தில்தான் கதவு திறந்தது. “ஆடிப்போயிட்டீங்க” என்பது அவர் வாயால் சொல்லாத உணர்ச்சி.

குரலைக் கவனியுங்கள். வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறினால் அது கேள்வியாகிவிடும், சந்தேகப்படுவது போலவும் ஒலிக்கும். “ஆடிப்போயிட்டீங்களா?” என்பதற்கு ‘ஆமா’ என்ற பதில் போதும். “ஆடிப்போயிட்டீங்க” என்று குரல் இறங்கி நின்றால், அவர் தொடர்ந்து பேசுகிறார். இதை வீட்டிலேயே சொல்லிப் பார்க்கலாம், வித்தியாசம் உடனே தெரியும்.

உணர்ச்சியை நம் மக்கள் எப்போதும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. ‘நெஞ்சு படபடங்குது’, ‘தலை பாரமா இருக்கு’, ‘வெறுத்துப் போச்சு’, ‘சோறு எறங்கல’ என்பார்கள். இதைப் ‘பதற்றம்’, ‘மனச்சோர்வு’ என்று மாற்றிப் பேச வேண்டிய அவசியமில்லை. ‘சோறு எறங்கல’ என்பவரிடம் “சாப்பிடக்கூட முடியாத அளவுக்கு மனசு கனமா இருக்கு” என்றால் போதும்.

பிரதிபலித்தலை ஆலோசனையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1940களின் தொடக்கத்தில், ஆலோசனை அமர்வுகளைப் பதிவுத் தட்டுகளில் ஒலிப்பதிவு செய்து, ஒருவரோடு நடந்த எட்டு அமர்வுகளின் முழுப் பேச்சையும் 1942இல் வெளியிட்ட தன் நூலில் அச்சிட்டார். அறைக்குள் என்ன பேசப்படுகிறது என்பதை வெளியிலிருப்பவர்கள் சொல்லுக்குச் சொல் பார்க்க முடிந்தது அப்படித்தான்.

அது கிளிப்பிள்ளைப் பேச்சுதானே என்ற சந்தேகம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற கணினி நிரலை எழுதினார். ரோஜர்ஸ் பாணியை நடித்துக் காட்ட, தட்டச்சு செய்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்பும். பயன்படுத்தியவர்கள் சிலர் அதனிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது வைசன்பாமையே கலங்கவைத்தது. சொல்லைத் திருப்புவதற்கே அவ்வளவு சக்தி இருக்கிறது. ஆனால் செங்கல் கதையில் பயம் இருக்கிறது என்று அந்த நிரலுக்குத் தெரியாது. ‘ஆடிப்போயிட்டீங்க’ என்ற வாக்கியம் வர, ஒரு நிமிடமாவது அந்தச் சாரத்தின் மேல் மனதளவில் ஏறி நின்றிருக்க வேண்டும்.

இதற்கு ஒத்துணர்வு என்று பெயர்: அவர் இடத்திலிருந்து அவர் பார்ப்பதைப் பார்ப்பது, பார்த்ததை அவருக்குத் தெரியப்படுத்துவது. இரக்கம் வேறு. இரக்கப்படுகிறவர் ‘ஐயோ பாவம்’ என்று மேலேயிருந்து பார்க்கிறார். 1957இல் ரோஜர்ஸ் ஒரு கட்டுரையில் ஒத்துணர்வோடு இன்னும் இரண்டையும் முக்கியமாகச் சொன்னார். ஒன்று, வந்தவர் எப்படிப்பட்டவரானாலும் நிபந்தனையில்லாமல் மதிப்பது. மற்றொன்று, ஆலோசகர் வேடம் போடாமல் உண்மையாக இருப்பது. இந்த மூன்றும் இல்லாமல் நுண்திறன்களை மட்டும் கற்றவர் பேசும்போது, வந்தவருக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அறிவுரை ஏன் எடுபடுவதில்லை

இப்போது அந்த ‘நாலு நல்ல வார்த்தை’க்கு வருவோம். அந்தக் கொத்தனாருக்குக் குடி கெடுதல் என்பது தெரியாமலில்லை. நிறுத்த வேண்டும் என்ற எண்ணமும், நிறுத்தினால் எப்படித் தூங்குவது என்ற எண்ணமும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கின்றன. இதை இருமனம் என்போம். மாற்றம் வேண்டியிருக்கும் எல்லோரிடமும் இருப்பதுதான், நோயோ பிடிவாதமோ அல்ல.

எதிரே இருப்பவர் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடினால், இருமனத்தில் இருப்பவர் இயல்பாகவே மறுபக்கத்தை எடுத்துப் பேசுவார். முதல் உரையாடலில் நடந்தது அதுதான். ‘மாத்திரைக்கெல்லாம் கேக்காது’ என்று தன் வாயால் சொல்லும்போது அந்தப் பக்கம் இன்னும் உறுதிப்படுகிறது. அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சனும் மேரியன் ஃபோர்கேட்சும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் சிகிச்சையாளர், ஒரே அமர்வில் சிறிது நேரம் கற்பித்தும் கண்டித்தும் பேசுவார், பிறகு நிறுத்திக்கொள்வார், மறுபடி தொடங்குவார். அவர் கற்பித்தபோதெல்லாம் எதிர்ப்பு ஏறியது, நிறுத்தியபோதெல்லாம் இறங்கியது. ‘ஒத்துழைக்காத கேஸ்’ என்று ஃபைலில் எழுதும் முன், அந்த எதிர்ப்பில் நம் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இதே புரிதலின் மேல் எழுந்த முறைதான் ஊக்க நேர்காணல்: மாறுவதற்கான காரணங்களை ஆலோசகர் சொல்லாமல், வந்தவர் வாயாலேயே சொல்லவைக்கும் பேச்சு முறை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் நோர்வே சென்றிருந்தபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவர் பேசுவதை நிறுத்தி நிறுத்தி, ஏன் அதைக் கேட்டீர்கள், ஏன் இதை மட்டும் திருப்பிச் சொன்னீர்கள் என்று துருவினார்கள். பதில் சொல்லப்போய்த்தான், தன்னையறியாமல் தான் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவது அவருக்கே தெரிந்தது. 1983இல் அதைக் கட்டுரையாக எழுதினார், பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கினார். எதிரே ஒருவர் தவறாகப் போகிறார் என்று தெரிந்ததும் திருத்திவிடத் துடிக்கும் நம் கையை அவர்கள் ஒரு தனிப் பெயர் கொடுத்தே எச்சரித்தார்கள். அந்தத் துடிப்பு அக்கறையிலிருந்துதான் வருகிறது, அதனால்தான் அடக்குவது கஷ்டம்.

அப்படியானால் எதையுமே சொல்லக் கூடாதா? சொல்ல வேண்டிய நேரம் வரும். காலையில் கை நடுங்குகிறது என்று அவர் சொன்னது வெறும் கதையல்ல, உடல் சாராயத்துக்குப் பழகிப்போயிருப்பதன் அறிகுறி. அப்படிப்பட்டவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்போ மனக்குழப்பமோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதை மறைக்க முடியாது. முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு சுருக்கமாகச் சொல்லுங்கள், உடனே அவரிடமே திருப்பிக் கொடுங்கள். “கை நடுக்கம் பத்தி ஒரு விஷயம் இருக்கு, சொல்லட்டுங்களாண்ணே?” என்று கேட்டு, சொல்லி முடித்து, “இதக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?” என்று நிறுத்துங்கள்.

சுருக்கமாக: இருமனத்தில் இருப்பவரிடம் ஒரு பக்கம் வாதாடினால் அவர் மறுபக்கம் பேசுவார். தகவல் தேவைப்படும்போது அனுமதியோடு கொடுங்கள்.

மௌனமும் கண்ணீரும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்கோ பார்த்தால், பெரும்பாலும் யோசிக்கிறார். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அது வரை வாய் திறக்காதீர்கள். அழுதால் உடனே ‘அழாதீங்க’ என்று சொல்லாதீர்கள், அழுகையை நிறுத்தச் சொல்வது பேச்சையும் நிறுத்தச் சொல்வதுதான். தண்ணீரை அருகில் நகர்த்தி வைத்துவிட்டு இருங்கள்.

சாவைப் பற்றிக் கேட்பது

புதியவர்கள் அதிகம் பயப்படும் இடம் இது. ‘செத்துப்போகலாம் போல இருக்கு’ என்று ஒருவர் லேசாகச் சொல்லும்போது பேச்சை மாற்றிவிடத் தோன்றும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற அச்சம். அப்படி ஆவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட அந்த எண்ணமோ மனவேதனையோ அதிகமாகவில்லை. முன்பே மனச்சோர்வில் இருந்தவர்களின் வேதனை சற்றுக் குறைவாகவே இருந்தது.

அதனால் நேராகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு நெனப்பு வருதா?” ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று அமைதியாகக் கேளுங்கள். “அப்படியெல்லாம் தப்பா எதுவும் யோசிக்கல இல்ல?” என்று கேட்டால் ‘இல்ல’ என்ற பதில்தான் வரும், அந்தக் கேள்வியே அதைத்தான் கேட்கிறது. ஆபத்து நெருக்கமாக இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்த நம்பிக்கையான ஒருவரை அவருடைய ஒப்புதலோடு ஏற்பாடு செய்யுங்கள், மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். முயன்றவர் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைத்தால், கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருதி அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில், இப்படிக் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

முடிப்பதும் பழகுவதும்

நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிட்டு, அதுவரை பேசியதை அவருடைய சொற்களிலேயே கோத்துக் கொடுங்கள். இதற்குத் தொகுத்துச் சொல்லுதல் என்று பெயர். “வீட்டுக்காரம்மா சொல்லித்தான் வந்தீங்க. ஆனா அந்தச் செங்கல் விழுந்த நாள்லேர்ந்து உங்களுக்கே உறுத்தல் இருக்கு. குடிக்காம தூக்கம் வருமான்னும் கவலை இருக்கு. நான் ஏதாவது விட்டுட்டேனா?” அந்தக் கடைசிக் கேள்வி கட்டாயம் வேண்டும், விடுபட்ட முக்கியமான விஷயம் அப்போதுதான் வெளியே வரும். உங்கள் தகுதிக்கு மீறியது என்று தெரிந்தால், யாரிடம், எங்கே, எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் வெகுதூரம். மூன்று பேராகச் சேர்ந்து பழகுங்கள். ஒருவர் வந்தவர், ஒருவர் ஆலோசகர், மூன்றாமவர் கவனிப்பவர். பத்து நிமிடம் பேசிவிட்டு இடம் மாறுங்கள். நடிப்பதற்குக் கற்பனைக் கதை வேண்டாம், உங்களுடைய நிஜமான ஒரு சின்ன இருமனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் நடக்கப் போவது மாதிரி. கவனிப்பவர் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, எத்தனை கேள்வி, எத்தனை பிரதிபலிப்பு என்று கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். ஊக்க நேர்காணல் பயிற்சியில் ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது இருப்பது தொடக்க நிலைக்குப் போதும் என்பார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு என்பது நல்ல நிலை. ஆரம்பத்தில் எல்லோருடைய தாளிலும் கேள்விக் கட்டம்தான் நிரம்பி வழியும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோகாமல், அடுத்த சுற்றில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பிரதிபலிப்பாக மாற்றிப் பாருங்கள். பிறகு, வந்தவர் சம்மதித்தால் நிஜமான ஓர் அமர்வை ஒலிப்பதிவு செய்து, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேளுங்கள். யார் அதிகம் பேசியிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.